வேலூர்க் கோட்டையும் அதைச் சுற்றிய பழைய ஊரும்: முதன்முறை வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூருக்குப் புதிதாக வருபவர்களில் பலர் கோட்டைக்காக வருவதில்லை. உறவினர் ஒருவரை சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அறை எடுத்துத் தங்கியிருப்பார்கள். அல்லது பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வந்திருப்பார்கள். அல்லது ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்த இடத்தில் அரை நாள் மிஞ்சியிருக்கும். அப்படி வருகிறவர்கள் அகழியோரம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஜலகண்டேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான்கு மணி நேரமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். அரசர்கள் அமர்ந்து ஆண்ட கோட்டைகள் தமிழ்நாட்டில் பல உண்டு. வேலூர்க் கோட்டையோ அரசர்களும் அவர்களுடைய மனைவி மக்களும் சிறை வைக்கப்பட்ட இடம். விசயநகரத்து இளம் அரசர் ஒருவர், திப்பு சுல்தானின் பிள்ளைகள், கண்டியின் கடைசி மன்னர் என்று மூன்று அரச குடும்பங்கள் இந்த மதிலுக்குள் அடைபட்டிருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றினால், வெறும் கருங்கல்லாகத் தெரியும் இடங்களெல்லாம் பேசத் தொடங்கும்.

எப்போது வருவது, எப்படி வருவது

வேலூரை வெயிலூர் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். சுற்றிலும் மரம் குறைந்த பாறைக் குன்றுகள். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது இங்கே வழக்கம். ஆகவே கார்த்திகை முதல் மாசி வரையிலான காலமே கோட்டை பார்க்க ஏற்றது. கோடையில்தான் வர முடியும் என்றால், காலை ஆறரை மணிக்குள் கோட்டை வாசலில் இருப்பதாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்பதையும், வெளிப் பிராகாரத்துக் கற்கள் பத்து மணிக்கெல்லாம் சுடத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கிழமையையும் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதே வெள்ளிக்கிழமையிலும் பிரதோஷ நாளிலும் கோயிலில் கூட்டம் மிகுதியாக இருக்கும். சிற்பங்களை நின்று பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வதே வசதி.

ரயிலில் வருபவர்கள் காட்பாடி சந்திப்பில் இறங்க வேண்டும். சென்னை, பெங்களூரு வழித்தடத்தில் செல்லும் பெரும்பாலான ரயில்கள் அங்கே நிற்கின்றன. நிலையத்துக்கு வெளியே வந்து பாகாயம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறினால், பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, ஊருக்குள் வந்து, பழைய பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவு. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு வேலூர் கன்டோன்மென்ட் நிலையம் இன்னும் அருகில். வெளியூர்ப் பேருந்துகள் புதிய பேருந்து நிலையத்தில் நின்றுவிடும். அங்கிருந்து நகரப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ எளிதாகக் கிடைக்கும். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். பழைய பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை நடக்கும் தொலைவுதான்.

கோட்டைக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்துக்கு மட்டும் சிறிய கட்டணம் உண்டு. குடிநீரும் தொப்பியும் கொண்டுவாருங்கள். உள்ளே நிழல் தரும் மரங்கள் இருந்தாலும், மதில் மேல் நடக்கும் பகுதி முழுவதும் வெட்டவெளி.

முதலில் அகழி

வந்தவுடன் உள்ளே போய்விடாமல், வாசலுக்கு வெளியே அகழிக் கரையில் சற்று நேரம் நில்லுங்கள். கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விசயநகரப் பேரரசின் கீழ் இப்பகுதியை ஆண்ட சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் இது எழுந்தது. அத்வைத அறிஞரான அப்பய்ய தீட்சிதரை ஆதரித்துப் பொன்னால் அபிடேகம் செய்தவர் என்று போற்றப்படும் நாயக்கரும் இவரே. மதிலுக்கான கருங்கல் ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலேயே வெட்டி எடுக்கப்பட்டது. ஒரு கல்லையும் அதன் அண்டைக் கல்லையும் சேர்க்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பல இடங்களில் கத்தி முனை நுழையாத அளவுக்கு இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒரு மதிலும் அதற்கு வெளியே தாழ்ந்த இன்னொரு மதிலுமாக இரட்டைச் சுவர். இடையிடையே வட்டக் கொத்தளங்கள். அதற்கும் வெளியே நீர் நிறைந்த அகழி. ஒரு காலத்தில் இந்த அகழியில் முதலைகள் விடப்பட்டிருந்தன. சூரியகுளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக அகழிக்கு நீர் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்தவர்களின் அறிவை வியக்காமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டுக் கோட்டைகளில் அகழி இவ்வளவு முழுமையாகவும் நீரோடும் எஞ்சியிருப்பது அரிது.

பலமுறை முற்றுகைகளைத் தாங்கிய அமைப்பு இது. மராட்டியப் படை ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டு 1678இல்தான் பீசப்பூர்த் தளபதியிடமிருந்து இதைக் கைப்பற்ற முடிந்தது. 1780ஆம் ஆண்டு தொடங்கிய முற்றுகையில் ஐதர் அலியாலும் இதைப் பிடிக்க இயலவில்லை. கோட்டைக்குக் கிழக்கே தெரியும் குன்றுகளின் உச்சியில் சிறு கோட்டைச் சுவர்கள் தென்படும். கீழே உள்ள கோட்டையைக் காக்கவும் தாக்கவும் அந்த உயரம் எவ்வளவு முக்கியம் என்பதை அகழிக் கரையில் நின்று பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மதில் மேல் ஏறி நடக்க இடமுண்டு. ஆனால் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்காக விளிம்பில் ஏறி நிற்காதீர்கள். மழைக்காலத்தில் பாசி படிந்த கற்களில் கால் வைக்கவே வேண்டாம்.

அடுத்து ஜலகண்டேசுவரர் கோயில்

கிழக்கு வாசல் வழியாக உள்ளே வந்ததும் நேராகக் கோயிலுக்குச் செல்லுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பது ஒரு காரணம். காலை வெயில் சாய்வாக விழும்போது சிற்பங்களின் குழிவும் மேடும் நன்றாகத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய காரணம். நூறு அடிக்கு மேல் உயர்ந்த ஏழு நிலைக் கோபுரத்தைக் கடந்தவுடன் எல்லாரும் சன்னதியை நோக்கி விரைவார்கள். நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள். அங்கேதான் கல்யாண மண்டபம் இருக்கிறது.

இந்த மண்டபத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். முன்வரிசைத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்தவை. பாயும் யாளிகளும், முன்னங்கால் தூக்கிய குதிரைகளும், அவற்றின் மேல் ஏறிய வீரர்களும், குதிரையின் காலடியில் வேட்டையாடப்படும் விலங்குகளும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ளன. வீரனின் கச்சை முடிச்சு, குதிரையின் கடிவாளப் பட்டை, யாளியின் வாய்க்குள் இருக்கும் பல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தூண்களின் அடிப்பகுதியில் உள்ள சிறு சதுரங்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். காளையின் தலையும் யானையின் தலையும் ஒன்றாகத் தெரியும்படி இரு உடல்களை இணைத்த உருவம் போன்ற விளையாட்டான வேலைகள் அவற்றில்தான் இருக்கின்றன. உள்ளே சென்றதும் அண்ணாந்து பாருங்கள்: விதானத்தின் நடுவில் விரிந்த மலரும், அதைச் சுற்றி வட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும் கிளிகளும் இருக்கும். இம்மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளையர் எண்ணினர் என்றும், அதை ஏற்றிச் செல்ல வந்த கப்பல் கடலில் மூழ்கியதால் மண்டபம் தப்பியது என்றும் ஒரு கதையை இங்கே சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், அவர்கள் ஆசைப்பட்டிருப்பார்கள் என்பதைத் தூண்களைப் பார்த்தாலே நம்பத் தோன்றும்.

‘அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. அதில் நடுவில் உள்ளது 1981 வரை முழு உண்மை. படையெடுப்புகளின் காலத்தில் மூலவர் வெளியேற்றப்பட்டு, கோயில் ஆயுதக் கிடங்காகப் பயன்பட்டது. பல தலைமுறைகள் இங்கே பூசையே இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வெறும் நினைவுச் சின்னமாக இருந்த இடத்தில், சத்துவாச்சாரியில் வைத்து வழிபடப்பட்ட சிவலிங்கத்தை 1981ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் கொண்டுவந்து ஊர்மக்கள் நிறுவினார்கள். அன்று முதல் வழிபாடு நடந்து வருகிறது. எனவே இது ஒரே சமயத்தில் வழிபாட்டுக் கோயிலாகவும் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் உரிய மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். சிற்பங்களின் மேல் விபூதியும் குங்குமமும் பூசுவதும், தூண்களில் சூடம் ஏற்றுவதும் பக்தி ஆகாது; எண்ணெயும் கரியும் படிந்த கல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. சுவாமியை வணங்கிய பின் அகிலாண்டேசுவரி அம்மனையும் தரிசித்து, கங்கா கௌரி தீர்த்தம் எனப்படும் கிணற்றையும் பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

இங்கிருந்து விரிஞ்சிபுரம் கோயில் வரை சுரங்கப் பாதை இருப்பதாக யாரேனும் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைக்கு அப்படியொரு பாதை கிடைக்கவில்லை.

கோயிலுக்கு வெளியே, அதே கோட்டைக்குள், ஒரு பள்ளிவாசலும் 1846இல் கட்டப்பட்ட தூய யோவான் தேவாலயமும் இருக்கின்றன. பள்ளிவாசல் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, தொழுகை நடப்பதில்லை. தேவாலயத்தில் ஞாயிறு வழிபாடு நடக்கும்.

மகால்களும் 1806ஆம் ஆண்டும்

கோயிலைப் பார்த்த பின் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். கோட்டையின் கதை உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. உட்புறச் சாலைகளில் நடந்தால் ஐதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், பாதுஷா மகால், கண்டி மகால் என்ற பெயர்களைக் கேட்பீர்கள். இவற்றில் பலவற்றில் அரசு அலுவலகங்களும் காவலர் பயிற்சிப் பள்ளியும் இயங்கி வந்தன. எல்லாக் கட்டடங்களுக்குள்ளும் பார்வையாளரை விடமாட்டார்கள். காவலர் தடுத்தால் வாதம் செய்ய வேண்டாம். வெளியிலிருந்து பார்ப்பதே போதுமானது.

மூன்று சிறைக் கதைகளில் முதலாவது இந்த மகால்கள் எழுவதற்கு முந்தையது. தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர அரசு தெற்கே நகர்ந்து வந்தபோது வேலூர் அதன் தலைநகராயிற்று. 1614இல் இரண்டாம் வேங்கடபதி ராயர் இறந்ததும், அவருக்குப் பின் அரியணை ஏறிய ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தையும் ஜக்கராயன் என்ற சிற்றரசன் இக்கோட்டையில் சிறை வைத்துப் பின்னர் அனைவரையும் கொன்றான். ஒரே ஒரு பிள்ளை மட்டும், துணி வெளுப்பவர் ஒருவரின் அழுக்கு மூட்டைக்குள் மறைக்கப்பட்டு வெளியே கொண்டுவரப்பட்டான். அவனை யாசம நாயக்கர் காத்தார். அவனுக்காகத் திருச்சிராப்பள்ளிக்கு அருகே தோப்பூரில் பெரும்போர் நடந்தது. ராமதேவ ராயன் என்ற பெயரில் அவனே பின்னர் அரசனானான். ஒரு பேரரசின் வாரிசு துணிமூட்டையாகக் கடந்து சென்ற வாசல் இந்த மதிலில்தான் எங்கோ இருக்கிறது என்ற எண்ணத்தோடு நடந்து பாருங்கள்.

இரண்டாவது கதை 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் தொடங்குகிறது. திப்புவின் பிள்ளைகளையும் குடும்பப் பெண்களையும் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து மகால்களில் குடியமர்த்தினர். அதே கோட்டையில் இந்தியச் சிப்பாய்ப் படைகளும், ஆங்கிலேயரின் 69ஆவது படைப்பிரிவும் இருந்தன. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று சென்னைத் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் பிறப்பித்த விதிகள் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரையுமே கொதிக்கச் செய்தன. எதிர்த்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் கோட்டைக்குள் நடந்தது. மறுநாள் விடியுமுன், ஜூலை 10ஆம் நாள், சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி பேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆவது படைப்பிரிவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திப்புவின் புலிக்கொடி மதில் மேல் ஏறியது.

செய்தி அறிந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்தார். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு அது. மதில் மேல் எஞ்சியிருந்த வெள்ளை வீரர்கள் விட்ட கயிற்றைப் பிடித்து அவர் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் வாசல் கதவைத் தகர்த்தன. அதன்பின் நடந்தது பழிவாங்கல். மகாலில் அடைக்கலம் புகுந்திருந்த நூறு பேரளவிலான சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எழுச்சி அரை நாளில் அடங்கிவிட்டாலும், புதிய விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857க்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே நடந்த இந்நிகழ்ச்சிக்கு உரிய இடம் கிடைக்காதது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. உங்களோடு பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தால், மகால்களுக்கும் வாசலுக்கும் இடையே உள்ள தொலைவை நடக்கச் சொல்லி இதை விளக்குங்கள். அன்று காலை என்ன நடந்தது என்பது அவர்களுக்கு ஒரே நடையில் விளங்கிவிடும்.

மூன்றாவது கைதி விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் உறவில் வந்து கண்டியை ஆண்ட அந்த மன்னரை 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, மறு ஆண்டு குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்தனர். 1832 ஜனவரி 30ஆம் நாள் இறக்கும் வரை அவர் வேலூரை விட்டுப் போகவில்லை. இந்த மகால்களின் சிறைக் கதை அத்தோடு முடியவுமில்லை: 1995இல் திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தரைக்கடியில் வழி தோண்டித் தப்பினார்கள்.

அடுத்து அரசு அருங்காட்சியகம். இதுவும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. கண்டி மன்னர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையை இங்கே காணலாம். நாடிழந்த ஓர் அரசர் பதினாறு ஆண்டுகளைக் கழித்ததற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறு தேவையில்லை. அப்புக்கல்லில் கிடைத்த பழங்கால வெண்கல வாளும் கற்சிலைகளும் பார்க்கத்தக்கவை. வெயில் ஏறும் பதினொரு மணி அளவை இந்த நிழலுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கு வெளியே

வெளியே வந்ததும் மக்கான் சந்திப்புக்குச் சென்று, 1806இல் உயிரிழந்த சிப்பாய்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுத் தூணைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் நாள் அங்கே அரசு சார்பில் மலர்வளையம் வைப்பார்கள்.

பிறகு பழைய ஊருக்குள் நடந்தே போக வேண்டும். லாங்கு பஜார், மண்டித் தெரு, நேதாஜி மார்க்கெட் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியவை. காரில் நுழைந்தால் சரக்கு வண்டிகளுக்கு இடையே மாட்டிக்கொள்வீர்கள். மளிகை, மஞ்சள், மிளகாய், வெல்லம், பூ, காய்கறி என மொத்த வணிகம் நடக்கும் தெருக்கள் இவை. மூட்டை சுமப்பவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடப்பது இங்கே எழுதப்படாத விதி. காய்கறிக் கடைகளில் முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கிறதா என்று கேளுங்கள். காம்பிலும் இலையிலும் முள் உள்ள இந்த இலவம்பாடிக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தி ரோடு பக்கம் வந்தால் கடைப் பலகைகளில் வங்காளமும் இந்தியும் தெரியும். மருத்துவமனைக்காக வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கான விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி அது. அறை தேடுபவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்: சுற்றுலாவுக்கு மட்டும் வந்தவர்கள் புதிய பேருந்து நிலையம் அல்லது காட்பாடிப் பக்கம் தங்கினால், நோயாளிகளோடு வந்தவர்களுக்கு இங்கே இடம் கிடைக்கும்.

மதிய உணவுக்குச் சீரகச் சம்பா அரிசியில் செய்த பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் இந்த வட்டாரத்தின் அடையாளம். இனிப்புக் கடைகளில் ஆற்காடு மக்கன் பேடா கேளுங்கள்.

மாலை நான்கரைக்கு மேல் ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபத்துக்குச் செல்லுங்கள். கோட்டையிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை மேல் 1990இல் தமிழக அரசு எழுப்பிய நினைவு மண்டபம் இது. ஆட்டோக்காரரிடம் ‘கண்டி ராஜா சமாதி’ என்று சொன்னாலும் புரிந்துகொள்வார். கோட்டையில் அவர் இருந்த மகாலையும் அருங்காட்சியகத்தில் அவருடைய சதுரங்கப் பலகையையும் பார்த்த பிறகு இங்கே வருவதே சரியான வரிசை; முதலில் இங்கே வந்தால் இது வெறும் மண்டபமாகத்தான் தோன்றும். ஐதர் அலி, திப்பு ஆகியோரின் குடும்பப் பெண்கள் அடங்கிய கல்லறைகள் கோட்டைக்குக் கிழக்கே நகருக்குள் இருக்கின்றன. அங்கே போவதானால் தலையை மறைத்து, காலணியைக் கழற்றிவிட்டு, இருப்பவரிடம் அனுமதி கேட்ட பின் உள்ளே செல்லுங்கள்.

மறுநாளும் நேரம் இருந்தால், கில்லெஸ்பி குதிரையில் வந்த தொலைவைப் பேருந்தில் எதிர்த்திசையில் கடந்து ஆற்காட்டுக்குப் போகலாம். நவாபுகளின் தலைநகராக இருந்த அவ்வூரில் பாலாற்றின் கரையில் டெல்லி கேட் என்ற பழைய கோட்டை வாசல் இன்னும் நிற்கிறது. பழைய பேருந்து நிலையத்திலும் புதிய பேருந்து நிலையத்திலும் ஆற்காடு வண்டிகள் அடிக்கடி கிடைக்கும்.